கலைச்சொல் தேவை: 'ஃபைண்டிங் எய்ட்'

மொ.: மின்னாக்கம் பெற்ற மூல ஆவணங்களைத் தேடிப் பிடிப்பது பற்றி வரலாற்று மாணவர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 'ஃபைண்டிங் எய்ட்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் அமையாமல் இடிக்கிறது. நூலகப் பட்டியல் அன்று. அதில் நூலுக்கு ஒரு பதிவு. இது ஓர் ஆவணத் தொகுதி யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது, எப்படி அடுக்கப்பட்டது என்று தொடங்கி, வரிசை, கோப்பு, உருப்படி என இறங்கும் விவரிப்பு. 'வழிகாட்டி' என்றால் கையேட்டோடு குழம்பும். இன்றிரவுக்குள் சொன்னால் புண்ணியம்.

செ.ரா.: 'ஆவண அட்டவணை'. எல்லோருக்கும் புரியும்.

நா.: அட்டவணை மராத்தி வரவு, ஐயா. 'ஆட்டவண்' என்றால் அங்கே நினைவு. 'அடைவு' இருக்க இரவல் எதற்கு? சொல்லடைவு, பொருளடைவு எல்லாம் பழகியவைதாமே.

யா.: இலங்கையில் 'அடைவு' என்றால் நகையை ஈடு வைப்பது. 'ஆவண அடைவு' என்று தலைப்புப் போட்டால் காணி உறுதியை ஈடு வைக்கிற அலுவல் என்று நினைப்பினம்.

பு.: எல்லோரும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடுகிறீர்கள். 'ஆவண ஆற்றுப்படை'! பத்துப்பாட்டில் பாதி அதுதான். தொல்காப்பியர் இலக்கணமே வகுத்துவிட்டார்: 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ'. ஆவணக் காப்பாளர் செய்வது வேறென்ன? ஆறு என்பது வழி. நெறிப்படுதலால்தான் நதிக்கும் அப்பெயர். 'ஆற்று' என்ற பிறவினையோடும் உறவு உண்டென்பது என் துணிபு. அதை விரித்தால்...

செ.ரா.: விரிக்க வேண்டாம். ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்றைக்கு உளவள ஆலோசகர். மாணவன் 'படை'யைப் பார்த்துச் சேனை என்பான்.

பு.: மாணவனுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால், கற்பிப்பது எதற்கு?

வே.: பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். மாணவன் தேடுபெட்டியில் ஊர்ப்பெயரை இட்டு, 'முடிவுகள் இல்லை' என்றதும் ஆவணமே இல்லை என்று எழுந்துவிடுகிறான். கையெழுத்துத் தொகுப்புகளில் பெரும்பாலானவை வெறும் படங்கள். உள்ளே உரை கிடையாது. நானூறு பக்கக் கட்டுக்கு ஒற்றைத் தலைப்பும் ஆண்டும்தான் இருக்கும். அச்சு நூல்களிலும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி வழுக்கும். 1800-க்கு முந்திய ஆங்கில அச்சில் நெட்டை 'எஸ்' 'எஃப்' ஆகிவிடும். தமிழில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய துதிக்கை 'லை', 'னை', சுழித்த 'றா', 'னா' எல்லாம் வேறெதுவாகவோ மாறும். அப்போது தேடுபெட்டியை மூடிவிட்டு இந்த விவரிப்பைத்தான் திறக்க வேண்டும்.

பிரித்தானிய நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அலுவலகம்) ஆவணங்களையே பாருங்கள். 'ஜி' (G) வரிசை கிழக்கிந்தியக் கும்பெனிப் பண்டகசாலைகளுடையது. 'பி' (P) வரிசை நடவடிக்கைக் குறிப்புகள். எந்த அலுவலகம் எழுதியிருக்கும் என்று ஊகித்து வரிசையைப் பிடி. ஆண்டைக் கொண்டு கட்டுகளின் எண்ணிக்கையைக் குறுக்கு. பிறகு கட்டின் முதல், கடைசிப் படங்களைப் புரட்டு. எழுத்தர் அக்காலத்திலேயே கைப்பட எழுதிய அகரவரிசை பல கட்டுகளில் அங்கே இருக்கும். அதில் ஊர்ப்பெயர் அந்நாளைய எழுத்துக்கூட்டலில்தான் கிடைக்கும். ஆக, இது தேடும்போது கூடவே இருக்கும் துணை. 'தேடல்துணை' போதும்.

நா.: சேர்த்து எழுதினால் புணரும், வேலரே. கடல் + தானை கடற்றானை. தேடல் + துணை தேடற்றுணை.

யா.: 'தேடு அற்று உணை' என்று பிரிச்சு வாசிப்பினம்.

நா.: அதனால்தான் 'தேடுதுணை' என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. வல்லினம் மிகாது. எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

செ.ரா.: இணையத் தேடுபொறிக்கும் அதைச் சொல்லலாமே?

வே.: தேடுபொறிக்குத் தேடுபொறி என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதல் இடத்தில் 'ஆவணத் தேடுதுணை' என்று முழுதாகப் போட்டு, பிறகு சுருக்கலாம்.

மொ.: நான்கு பேர் ஒப்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு 'தேடுதுணை' போடுகிறேன். ஒலிபெயர்ப்பு சொல்லடைவில் வரும். இனி 'ஃபோலியோ', அதாவது இரு பக்கமும் சேர்ந்து ஓரெண் பெறும் தாள். மேற்கோளில் படஎண்ணையும் ஏட்டெண்ணையும் தனித்தனியே குறிக்கச் சொல்லியிருக்கிறோம். முதல் சில படங்கள் அட்டையும் வண்ண அளவுகோலுமாக இருக்கும், மறுபடி வலையேற்றினால் படஎண் மாறிவிடும், ஏட்டெண் மாறாது. ஆனால் ஒரே எண்ணுக்கு இரு பக்கம் உண்டே?

வே.: 'ஏடு 12 முன்', 'ஏடு 12 பின்'. சுவடியிலும் ஏட்டுக்கு ஓரெண்தான்.

பு.: 'ஏடு' சரி. 'தேடுதுணை'க்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. அடுத்த பதிப்பிலாவது அடிக்குறிப்பில் ஆற்றுப்படை இடம்பெற வேண்டும். 'ஏடு'க்கும் 'எடு'வுக்கும் உள்ள தொடர்பைத் தனி மடலில் எழுதுகிறேன்.