11 வயது லேப்ரடாருக்கு இரண்டு மாதமாகக் கழிச்சல்: ஸ்டீராய்டு இப்போதே தொடங்கலாமா?

கேள்வி:
எங்கள் 11 வயது லேப்ரடாருக்கு இரண்டு மாதமாக மலம் இளகியே போகிறது. நாளைக்கு மூன்று முறைதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் சாணியைப் போலக் குவியலாகப் போகிறான். சளியோ இரத்தமோ இல்லை. பசி குறையவில்லை, ஆயினும் 31 கிலோ இருந்தவன் 27 கிலோவாகிவிட்டான். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் நிற்கிறது, நிறுத்திய ஐந்தாம் நாள் மறுபடி தொடங்குகிறது. ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்திருப்பதாகக் கூறிய மருத்துவர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எழுதித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

மறுமொழி 1 (கால்நடை மருத்துவர்):
மலத்தின் அளவு மிகுந்து எடையும் குறைவதால், கோளாறு சிறுகுடலில்தான் என்று தோன்றுகிறது. பெருங்குடலாக இருந்தால் அடிக்கடி முக்கி, சளியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போவான். மூன்று வாரம் கடந்த கழிச்சலைக் குடல் அழற்சி என்று முடிவுகட்டுவதற்கு முன், மலத்தில் புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும், இரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல், அல்புமின் என்ற புரதம், வைட்டமின் பி12 ஆகியவையும், கணையச் சுரப்புக் குறைவுக்கான டிஎல்ஐ என்ற இரத்தச் சோதனை, அட்ரினல் குறைபாட்டுக்கான கார்டிசால் ஆகியவையும் பார்த்தாக வேண்டும். இந்த வயதில் நான் அஞ்சுவது லிம்போமா என்ற புற்றுநோய்க்கு. அதிலும் குடல் சுவர் தடித்தே தெரியும். பயாப்ஸி (குடல் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் அழற்சியையும் லிம்போமாவையும் பிரித்தறிவது கடினம். ஸ்டீராய்டு முந்திக்கொண்டால் புற்றணுக்கள் தற்காலிகமாக ஒடுங்கி, பிறகு எடுக்கும் பயாப்ஸியை நம்ப முடியாமல் போகும். அல்புமின் எவ்வளவு?

மறுமொழி 2:
எங்கள் 9 வயது ஸ்பிட்ஸுக்கு உணவை மாற்றியதே போதுமானதாயிற்று. புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு மட்டும் என்பது கட்டளை. முதல் வாரம் பலனே இல்லை. காரணம், மாமியார் தம் காலைக் காப்பியில் நனைத்து அவளுக்கு ஊட்டிய பிஸ்கட் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நிறுத்திய பத்தாம் நாள் மலம் கட்டியாயிற்று.

கேள்வி கேட்டவர்:
அல்புமின் 2.7, பி12 மிகக் குறைவு, மலத்தில் ஒன்றுமில்லை, டிஎல்ஐயும் கார்டிசாலும் சரியாகவே இருக்கின்றன. இவனுக்குத் தயிர் சாதமும் கோழியும்தான் எப்போதும்.

மறுமொழி 1:
அல்புமின் 2-க்குக் கீழே இறங்கியிருந்தால் காத்திருக்கச் சொல்லமாட்டேன். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. 2.7 என்பதால், மேலே சொன்ன ஹைட்ரோலைஸ்டு உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் உணவுச் சோதனைக்கு இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது. தயிரையும் கோழியையும் இன்றே நிறுத்துங்கள். பி12 ஊசியை வாரம் ஒன்றாக ஆறு வாரம் போட வேண்டும். அது குறைந்தே இருந்தால் மற்ற சிகிச்சையும் சரியாகப் பலிக்காது. உணவுச் சோதனைக்குப் பிறகும் இளைத்தால் எண்டோஸ்கோபி வழியாகப் பயாப்ஸி எடுத்துவிட்டு, பிரெட்னிசோலோனைத் தொடங்கலாம். அந்த மாத்திரையால் தாகமும் சிறுநீரும் கூடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. இந்த வரிசையை உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு, வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.