பிரஷர் மெஷினுக்கும் டோர்ச்சுக்கும் சார்ஜ் பண்ணும் பெட்டரி சரிவருமா? உதவி வேண்டும்

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் டோர்ச் இரண்டு, சுவர் மணிக்கூடு, டீவி ரிமோட், தாத்தாவின் ரேடியோ, அப்பாயிக்குப் பிரஷர் பார்க்கிற மெஷின் என்று எல்லாமே பெட்டரியில் ஓடுகின்றன. கடையில் வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. போன மாதம் டவுனில் சார்ஜ் பண்ணும் டபுள் ஏ பெட்டரி நாலும் ஒரு சார்ஜரும் வாங்கினேன். மேலே 3800 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று போட்டிருக்கிறது.

டோர்ச்சில் போட்டால் அரை மணித்தியாலத்தில் மங்கிவிடுகிறது. அம்மா விடிய நாலரைக்குப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர். நேற்றுப் படிக்கட்டில் வெளிச்சம் அணைந்து, குடத்தோடு சறுக்கப் பார்த்தார். பிரஷர் மெஷினில் போட்டால், சார்ஜரில் இருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் பெட்டரி குறைவு என்ற அடையாளம் வருகிறது. கோளாறு எதில்?

சோல்டரிங் அண்ணன் (ஹட்டன்)

தங்கச்சி, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

மெஷினில் கோளாறு இல்லை. சாதாரண அல்கலைன் பெட்டரி புதிதில் 1.5 வோல்ட். நீங்கள் வாங்கியது நிக்கல் வகை என்றால் அது 1.2 வோல்ட்தான். நாலு போட்டால் ஆறு வோல்ட்டுக்குப் பதிலாக 4.8. அல்கலைனுக்கென்று செய்த மெஷின் அதைப் பார்த்துவிட்டு, பெட்டரி தீரப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறது. டோர்ச்சுக்கு இது பெரிய குறை இல்லை. அல்கலைன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் கடைசிவரை 1.2 பக்கத்திலேயே நிற்கும்.

அப்படியானால் டோர்ச் ஏன் அரை மணித்தியாலத்தில் மங்குகிறது? எனக்கு அந்த 3800 மேல்தான் சந்தேகம். நல்ல நிக்கல் டபுள் ஏ பெட்டரியில் 2000 அளவு இருக்கும், மிஞ்சினால் 2800. அதற்கு மேல் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். கடைத் தராசில் நாலையும் ஒன்றாக வைத்து நிறுத்துப் பாருங்கள். நல்லது ஒன்று 26 முதல் 30 கிராம் வரை இருக்கும்.

ஊவாக் காற்று (பண்டாரவளை)

யூஎஸ்பி வயரில் சார்ஜ் பண்ணும் லித்தியம் டபுள் ஏ வருகிறதே, அதை வாங்குங்கள். சரியாக 1.5 வோல்ட் தரும். நான் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறேன்.

சோல்டரிங் அண்ணன் (ஹட்டன்)

எல்லாவற்றுக்கும் வேண்டாம் தம்பி. அதற்குள்ளே வோல்ட்டை 1.5க்குக் குறைக்கும் சின்னச் சர்க்கியூட் ஒன்று ஓடுகிறது. ரேடியோவில் போட்டால், முக்கியமாக மத்திய அலையில், இரைச்சல் கேட்கும். இராத்திரி திருச்சி ஸ்டேஷன் கேட்கிற தாத்தா என்றால் தாங்கமாட்டார். இன்னொன்று, அது கடைசிவரை 1.5 காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். இருட்டில் நடக்கிறவர் கையில் அது ஆபத்து. அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியமும் விற்கிறார்கள். அதைத் தவறிப் போட்டால் சாமான் எரிந்துபோகும். வோல்ட்டைப் படிக்காமல் வாங்கவேண்டாம்.

மழைக்கோட்டு (நுவரெலியா)

குளிரையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே ஜனவரி விடியலில் 5 பாகைக்குக் கீழே போகும்போது அல்கலைன் சட்டென்று சோர்ந்துவிடும். நல்ல நிக்கல் அவ்வளவு சோராது. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டியபோது சார்ஜ் பண்ண நேரமே கிடைக்கவில்லை. அதனால் அல்கலைன் ஒரு சோடி உறை பிரிக்காமல் எப்போதும் வைத்திருக்கிறேன்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

அண்ணே, கடையில் நிறுத்துப் பார்த்தேன். நாலும் சேர்ந்து 64 கிராம்! ஒன்று வெறும் 16. கடைக்கார அங்கிள் நம்பாமல், தன்னிடமிருந்த அல்கலைன் ஒன்றை வைத்துக் காட்டினார், 23. என் பெட்டரியைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

இனி எதற்கு எதைப் போடுவது? ரிமோட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

சோல்டரிங் அண்ணன் (ஹட்டன்)

டோர்ச்சுக்கு நல்ல நிக்கல் வாங்குங்கள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்காத வகையைக் கேளுங்கள். 2005இல் சான்யோ எனலூப் என்று கொண்டுவந்தது அந்த வகைதான், இப்போது பல பெயரில் வருகிறது. ஒவ்வொரு பெட்டரிக்கும் தனி லைட் எரிகிற சார்ஜராகப் பாருங்கள். தாத்தாவின் ரேடியோவுக்கும் இதுவே போதும். மணிக்கூடும் ரிமோட்டும் இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம், அவற்றுக்குச் சாதாரணப் பெட்டரியே லாபம். பிரஷர் மெஷினுக்கு அல்கலைன் நாலும் ஒரே நாளில் மாற்றுங்கள், பழையதோடு புதியதைக் கலக்கவேண்டாம்.

தாதியம்மா (பதுளை)

மெஷினின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள் மகள். பலவற்றில் அடாப்டர் குத்த இடம் உண்டு. அந்த மெஷினுக்கென்று சொன்ன அடாப்டர் கிடைத்தால் தினமும் பார்க்கிற ஆளுக்கு அதுதான் நல்லது.

ரிமோட்டில் பூத்திருப்பது அல்கலைன் கசிந்தது. வெறும் கையால் தொடவேண்டாம். பெட்டரியை எடுத்துவிட்டு, காதுக் குச்சியில் இரண்டு சொட்டு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். கழற்றியதை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

ஓட்டை இருக்கிறது அம்மா! ரப்பர் மூடி போட்டிருந்ததால் இத்தனை நாளும் தெரியவில்லை. சம்பளத்துக்கு அடுத்த நாள் ஹட்டனுக்கு வருகிறேன் அண்ணே, டோர்ச் பெட்டரியை நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்கள். அதுவரை அம்மாவோடு நானும் போனை வெளிச்சம் காட்டிக்கொண்டு பீலிக்குப் போகிறேன்.