கணினிவழிப் புற்றுநோய் ஆய்வில் இருப்பவர்கள் வழிகாட்ட முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பிஎச்டி கடைசி வருடத்தில் இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தரவைக் கணினியில் அலசுவது என் வேலை. பெரும்பாலும் டிசிஜிஏ (TCGA) என்ற புற்றுநோய் மரபணுத் தொகுப்பின் தரவுதான். 2006-ல் அமெரிக்காவில் தொடங்கி 33 வகைப் புற்றுநோய்களைத் தொகுத்தார்கள்; நம் மக்கள் அதில் மிகக் குறைவு. அதனால் 480 நோயாளிகளின் தரவோடு ஐஐடி மெட்ராஸ் 2025-ல் வெளியிட்ட தொகுப்பைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் ஒற்றைச் செல் தரவில், அதாவது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த தரவில், ஒரு படம் வந்தது. நீலம், ஆரஞ்சு என்று இரண்டு கொத்துகள் பளிச்சென்று பிரிந்து நின்றன. புற்றுநோயின் புது உட்பிரிவு என்று நினைத்து இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் மாதிரிப் பட்டியலைத் திறந்தால், நீலம் முழுக்க ஒரு நாள் சீக்வென்ஸ் செய்தவை (மரபணு வரிசையைப் படித்தவை), ஆரஞ்சு வேறொரு நாள். வித்தியாசம் நோயில் இல்லை, சோதித்த நாளில்தான். திசுவைக் கையில் தொடும் நோயியல் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் ரொம்ப தூரம் போக முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முழுக்கக் கணினி சார்ந்த குழுவுக்குப் போவதா, மருத்துவமனையோடு ஒட்டிய ஆய்வகத்துக்கா? என் கட்டுரைகள் பலவற்றில் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் முதலில் இல்லை, நடுவில்தான் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் நேர்காணலில் அதை எப்படிப் பார்க்கிறார்கள்? வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்திய ஆய்வாளர்களுக்கான ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப்பில் ஊர் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், முதல் இரண்டு வருடம் எப்படிப் போனது என்று அவசியம் சொல்லுங்கள். போஸ்ட்டாக்குக்கு மூன்று மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி.