பர்மிங்காம் சிறைக் கடிதத்தில் தர்க்கத்தையும் உணர்ச்சியையும் பிரிக்க முடியுமா?

கேள்வி

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். கிறித்தவ இறையியலாளர்களான அகஸ்டினையும் அக்குவினாசையும் துணைக்கழைத்து, நியாயமான சட்டம் எது, அநியாயமான சட்டம் எது என்று அவர் வகுக்கும் பகுதியைத் ‘தர்க்கம்’ என்றும், ஆறு வயது மகளுக்குக் கேளிக்கைப் பூங்கா ஏன் மறுக்கப்படுகிறது என்று சொல்ல முடியாமல் நாக்குழறும் பகுதியை ‘உணர்ச்சி’ என்றும் பாடக்குறிப்பு பிரிக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது, ஆனால் காரணம் பிடிபடவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

தங்கள் உறுத்தல் நியாயமானது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினால் காரணம் தெரியும். அலபாமாவைச் சேர்ந்த எட்டு வெள்ளையின மதகுருமார்கள், ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலத்துக்குப் பொருந்தாதவை, நீதிமன்றத்தையும் பேச்சுவார்த்தையையும் நாடுங்கள் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். ஆகவே விவாதமே ‘இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது?’ என்பதுதான். கடை முதலாளிகள் இன ஒதுக்கல் பலகைகளை அகற்றுவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டதையும், மேயர் தேர்தலுக்காகப் போராட்டம் தள்ளிவைக்கப்பட்டதையும் கிங் முதலில் நிதானமாகப் பதிவு செய்கிறார். அதன் பிறகு வருவது முந்நூறு சொற்களைத் தாண்டும் ஒரே வாக்கியம்: கும்பல் கொலை, காவலர்களின் வெறுப்பு, வறுமை, மகளின் கண்ணீர், பயணத்தில் தங்க விடுதி கிடைக்காமல் காரிலேயே உறங்கும் இரவுகள் என்று அடுக்கிக்கொண்டே போய், இவற்றையெல்லாம் அனுபவித்தால் காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்பது உங்களுக்குப் புரியும் என்று கடைசியில்தான் முடிகிறது. பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களை, ஒரு வாக்கியம் முடிவதற்காகவே பொறுத்திருக்க வைக்கிறார். மகள் அந்த வாக்கியத்தில் ஒரு சான்றாக நிற்கிறாள். அவளை எடுத்துவிட்டால் வாதமே குறைபட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை: தமிழில் வினைமுற்று பொதுவாகவே கடைசியில்தான் வரும் என்பதால், மொழிபெயர்ப்பில் இந்த உத்தி கண்ணில் படாது. ஆங்கில மூலத்தையே காட்டுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கிங் தேர்ந்த மேடைப் பேச்சாளர், இறையியல் படித்தவர். அந்தப் பயிற்சி இல்லாத ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்த ஃபேனி லூ ஹேமர் 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுமுன், மிசிசிப்பியின் வெள்ளையர் அணிக்குப் பதிலாகத் தம் தரப்பை ஏற்கக் கோரிச் சாட்சியம் அளித்தார். பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லித் தொடங்கினார். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் 26 மைல் பயணம் செய்து வாக்காளராகப் பதியச் சென்றதையும், திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர்மீது குற்றம் சாட்டப்பட்டதையும் நீதிமன்ற வாக்குமூலம் போலச் சொன்னார். வினோனா சிறையில் தம்மை அடித்ததையும் அதே குரலில்தான் விவரித்தார். அடைமொழிகளே ஏறக்குறைய இல்லை. கேட்பவர் நெஞ்சு கனப்பது அதனால்தான். ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு நடத்தி நேரலையைத் திசைதிருப்பினார். ஆயினும் அன்று மாலையே தொலைக்காட்சிகள் சாட்சியத்தை ஒளிபரப்பின. குழு அவர் தரப்புக்கு மாநாட்டில் இரண்டே பிரதிநிதி இடங்களைத்தான் தர முன்வந்தது, அவர்கள் மறுத்துவிட்டார்கள். கூடத்தில் இருந்தவர்களைவிட வீட்டில் பார்த்தவர்களிடமே அவர் சொல் அதிகம் எடுபட்டது.

பதில் 3

சுருக்கமாக ஒன்று. கிங்கின் 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் உரையில் எல்லோரும் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்னும் பகுதியையே மேற்கோள் காட்டுகிறார்கள், அதுவோ எழுதிக் கொண்டுவந்த உரையில் இல்லாதது. எழுதிவந்த பகுதியில், அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பிவிட்டது என்கிறார். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் அது ஒரே நேரத்தில் கணக்காகவும் அவமானமாகவும் புரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பாடக்குறிப்பிலுள்ள இரண்டு தலைப்புகளையும் அடித்துவிட்டேன். நாளை வகுப்பில் ஒரு மாணவரை அந்த நீண்ட வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே உரக்க வாசிக்கச் சொல்லப் போகிறேன். எந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதை மற்றவர்கள் குறித்துவைக்கட்டும்.