கிளவுஸ் போட்ட கை சுத்தமான கையா?

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் வார்டிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காலை, ஊழியர் ஒருவர் பக்கத்துக் கட்டில் பெரியவரின் யூரின் பையைக் காலி செய்தார். கையில் கிளவுஸ் இருந்தது. அதே கிளவுஸோடு கட்டில் கம்பியை ஏற்றிவிட்டார், பேனாவை எடுத்து அளவு எழுதினார், திரையை இழுத்துவிட்டார், அப்புறம் நேராக அப்பாவிடம் வந்து ட்ரிப்ஸ் ஊசியின் மூடியைத் திருகினார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. கோபத்தில் அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்தான். இரண்டு நாளில் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. அதனால்தான் வந்தது என்று நான் சாதிக்க முடியாது, ஊசி குத்திய இடம் வேறு காரணங்களாலும் வீங்கும். ஆனாலும் மூடியைத் திருகிய அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

உங்களில் யாராவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறீர்களா? எப்படிக் கேட்டீர்கள்?

*

கேட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கையின் பிரசவத்தின்போது "கை கழுவிட்டீங்களா?" என்று பட்டென்று கேட்டுவிட்டேன். "எங்களுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது. அடுத்த முறை சானிடைசரை முதலில் என் கையில் தேய்த்துக்கொண்டு, "சிஸ்டர், உங்களுக்கும் ஊத்தட்டுமா?" என்று நீட்டினேன், சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இந்தக் கோபம் புதுசும் இல்லை. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற டாக்டர். சில மாதங்களிலேயே பிரசவக் காய்ச்சல் சாவுகள் மளமளவென்று குறைந்தன. அப்படியும் பல பெரிய டாக்டர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

*

நான் பதினோரு வருடமாக நர்ஸ். முதலில் எழுதியவர் பார்த்தது நடக்கிறது, மழுப்ப விரும்பவில்லை. கிளவுஸ் போட்டதும் கை சுத்தம் என்று எங்கள் மனசே நம்பிவிடுகிறது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது அதைக் கழற்றி எறிய வேண்டும், கழற்றிய பிறகு கையையும் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் அழுக்கு ஒட்டும். கை சுத்தம் செய்ய வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் நாங்கள் சுலபமாகத் தவறவிடுவது கடைசியைத்தான், அதாவது நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பிறகு. நோயாளியைத் தொடவில்லையே, கட்டிலைத்தானே தொட்டேன் என்று போய்விடுவோம்.

ஒரு பயிற்சியில் ஒளிரும் சானிடைசரைத் தேய்க்கச் சொல்லிப் புற ஊதா விளக்கின் கீழே கையை வைக்கச் சொன்னார்கள். உள்ளங்கை பளீரென்று மின்னியது. வலது கட்டைவிரலும் விரல் நுனிகளும் மட்டும் கருப்பாக இருந்தன. இத்தனை வருடம் அந்தக் கட்டைவிரலால்தான் ஊசி போட்டிருக்கிறேன்! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கழுவிக் கழுவித் தோல் வெடித்த கையில் சானிடைசர் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும்.

தயங்காமல் கேளுங்கள். முகம் சுளிப்போம், ஆனால் கழுவுவோம்.

*

எல்லோரும் ஊழியர்களைப் பற்றியே பேசுகிறோம், என் கதையில் குற்றவாளி நான்தான். அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு விடாமல் வயிற்றுப்போக்கு, சோதித்ததில் சி-டிஃப் கிருமி. நானே துடைத்து, துணி மாற்றி, ஒவ்வொரு தடவையும் சானிடைசர் போட்டுக்கொண்டு, அக்கறையாக இருக்கிறோம் என்ற நினைப்பில் பக்கத்துப் பாட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். நர்ஸ் ஓடி வந்து தடுத்தார். அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலில் சாகாதாம், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகுமாம். முழுசாக 40 முதல் 60 விநாடி. எண்ணிப் பாருங்கள், நாம் வழக்கமாகக் கழுவுவது பத்தைத் தாண்டாது.

*

எல்லோருக்கும் நன்றி. நாளை அப்பாவுக்குத் தையல் பிரிக்கிறார்கள். சானிடைசர் பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.