மறு: முட்டையிட ஆறு ஏறும் கடல்மீனுக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் வசந்தகாலத் தூண்டில் குறிப்பு முக்கால்வாசி தமிழாகிவிட்டது. நம் மாவட்டத்திலிருந்து மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் சனி, ஞாயிறுகளில் தூண்டிலோடு கரையில் நிற்பவர்கள். அவர்கள் படிக்கப்போகும் குறிப்பு இது. அதில் திரும்பத் திரும்ப வரும் சொல்லை இன்னும் முடிவு செய்யாமல் இருக்கிறோம். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மட்டும் ஆற்றுக்குள் வரும் மீனை என்னவென்று அழைப்பது? என் பரிந்துரை ‘ஆற்றேறி’. இதுவரை வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> வலசை என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘நன்னீர்வலசை மீன்’ போதும்.

வலசை எனக்கும் பிடித்த சொல். கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றி எழுதும்போது அதைத்தான் எழுதுவேன். ஆனால் அது இடம்பெயர்வதைச் சொல்கிறதே தவிர, எத்திசையில் என்று சொல்வதில்லை. இந்தக் குறிப்புக்குத் திசைதான் உயிர். பிப்ரவரிக் கடைசியில் மஞ்சள் பெர்ச் முதலில் ஏறுகிறது. அதன் பின்னால் வெள்ளைப் பெர்ச். ஏப்ரலில் ஷாட். ஆற்றுநீரின் வெப்பம் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அங்குள்ளோர் ராக்ஃபிஷ் என்று அழைக்கும் வரிமீன். பெரிய பெண்மீன்கள் வடக்கே நியூ இங்கிலாந்துக் கடற்கரை வரை சுற்றிவிட்டு இங்கே வந்து முட்டையிட்டு, மறுபடியும் கடலுக்குப் போய்விடுகின்றன. தூண்டில்காரர் அறிய வேண்டியது ‘இந்த வாரம் எது ஏறுகிறது’ என்பதைத்தான்.

ஏறு என்ற வினையை நான் தேடிப் பிடிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து மறுகால் பாயும்போது, விழுகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் துள்ளுகின்றனவே, அப்போது நம் ஊரில் என்ன சொல்கிறார்கள்? மீன் ஏறுகிறது என்கிறார்கள். மக்கள் வாயில் இருக்கும் வினையைப் பெயராக்கினால் அது நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

> ‘ஏறி’ என்று முடிந்தால் ஆளைக் குறிப்பது போல இருக்கிறது.

பனையேறியை நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதே பனையேறி மீன்பெயரிலும் இருக்கிறது: பனையேறிக் கெண்டை. ஈரம் இருந்தால் தரையில்கூட ஊர்ந்து போகும் அந்த மீனுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருந்தவர்கள் அல்லர். முன்மாதிரி நம் வாய்க்காலிலேயே இருக்கிறது.

‘ஆறேறி’ என்றே வைக்கலாம், எளிது என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஆற்றுநீர், ஆற்றுமணல், ஆற்றங்கரை என்று வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டிப்பதுதான் இயல்பு. காதும் அதற்கே பழகியிருக்கிறது. எண் ஆறோடு குழம்பாமலும் இருக்கும். ஆகவே ஆற்றேறி.

> விலாங்குக் குஞ்சும் வசந்தத்தில்தானே ஆறு ஏறுகிறது? அதுவும் ஆற்றேறியா?

அண்ணாச்சி, வந்தவற்றில் வலுவான மறுப்பு உங்களுடையதுதான். அமெரிக்க விலாங்கு சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக விரிகுடாவுக்குள் வந்து, ஆறுகளில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. குஞ்சின் பயணத்தை மட்டும் பார்த்தால் அதுவும் ஏறும் மீன்தான். அதனால் முட்டையிடும் பயணத்தின் திசையை வைத்தே பெயர் என்று வரையறையில் எழுதிவிட வேண்டும். முட்டையிட ஆறு ஏறுவது ஆற்றேறி. முட்டையிடக் கடல் இறங்குவது கடலிறங்கி. விலாங்கு கடலிறங்கி. நம் கொடுவாவும் கடலிறங்கியே.

இதனால்தான் ராக்ஃபிஷை ‘வரிக்கொடுவா’ என்று மொழிபெயர்க்க வேண்டாம் என்கிறேன். புன்னைக்காயலில் கொடுவா பிடித்தவர் அந்தப் பெயரைப் படித்தால், கழிமுகத்தில் வளர்ந்து உப்புநீரில் முட்டையிடும் மீன் என்றே எடுத்துக்கொள்வார். ராக்ஃபிஷின் வழி நேர் எதிர். ராக்ஃபிஷ் என்றே ஒலிபெயர்த்து விடலாம்.

ஷாட் மீனுக்கு மட்டும் ‘உல்லத்தின் உறவு’ என்று ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். காவிரியில் ஏறிக்கொண்டிருந்த உல்லம், 1934இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு அருகிப்போயிற்று. சஸ்குவெஹானா ஆற்றில் 1928இல் கட்டிய கொனோவிங்கோ அணையும் ஷாட்டின் வழியை மறித்தது. அங்கே மீன்களை அணைக்கு மேலே ஏற்றிவிடும் மீன்தூக்கிகளை 1972இலும் 1991இலும் அமைத்தார்கள். மேரிலாந்து 1980இல் ஷாட் பிடிப்பையே நிறுத்தியது. நம்மிடம் ஓர் ஆற்றேறி இருந்து, கண்முன்னே குறைந்துபோனது என்பதைப் படிப்பவர் உணர வேண்டும். இந்தச் சொல் நமக்கு வேண்டும் என்று நான் விடாமல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரைவில் உடனே திருத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘ராக்ஃபிஷ் ஓதம் ஏறும் உவர்நீரில் முட்டையிடும்’ என்று இருக்கிறது. பழையகாயல் பக்கம் பழகிய நமக்கு, கடலின் ஏற்றவற்றமான ஓதம் என்றாலே உப்பு. செசபீக் ஆறுகளில் அப்படி இல்லை. 320 கிலோமீட்டர் நீண்ட விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறக்குறைய பாதியை சஸ்குவெஹானா ஒன்றே கொண்டுவருகிறது. மற்ற ஆறுகளிலும் ஓதம் வெகுதூரம் உள்ளே போகிறது: பொட்டோமாக்கில் வாஷிங்டன் வரை, ஜேம்ஸில் ரிச்மண்ட் வரை. அங்கெல்லாம் தண்ணீர் ஏறி வற்றும். வாயில் வைத்தால் உப்பு இருக்காது. இதற்கு ‘ஓத நன்னீர்’ என்று எழுதுவோம். ராக்ஃபிஷ் முட்டையிடுவது இங்கேதான். முட்டை ஓட்டத்தில் மிதந்தபடியே இரண்டு நாள் அளவில் பொரிய வேண்டும். அடிச்சேற்றில் படிந்தால் கெட்டுவிடும். பொரிந்த குஞ்சுகளுக்கு இரை, உப்பும் நன்னீரும் சந்திக்கும் கலங்கல் பகுதியில் நிறைய இருக்கிறது. எனவே ‘கலங்கலான நீர் மோசமான நீர்’ என்று தொனிக்கும் வாக்கியத்தையும் மாற்றுங்கள். அணை மதகு திறந்து செந்நிறமாக வரும் நாளில் தூண்டில்காரருக்கு இழப்பு; குஞ்சுக்கு அந்தக் கலங்கல் ஓரம் வேண்டும்.

வெள்ளைப் பெர்ச் கடலுக்கே போவதில்லை, விரிகுடாவின் உவர்நீரிலிருந்து மேலே வருகிறது. அதற்குக் ‘குறுவழி ஆற்றேறி’ போதும்.

காற்றைப் பற்றிய பத்தி நன்றாக வந்திருக்கிறது. அன்னபோலிஸ் பக்கம் ஓத வேறுபாடு ஏறத்தாழ 0.3 மீட்டர்தான் என்பதால், வடமேற்குக் காற்று ஓங்கி அடித்தால் தண்ணீர் ஓதக் கணக்கை மீறி வற்றிவிடும் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் பகுதியில் தயங்காமல் அழுத்தமாக எழுதுவோம். முட்டையிடும் ஆற்றுப் பகுதிகளில் வசந்தத்தில் ராக்ஃபிஷைக் குறிவைக்கக் கூடாது. 1985 முதல் 1990 வரை மேரிலாந்தில் அதைப் பிடிப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. அப்படிக் காப்பாற்றிய மீன் இது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலக் கெளுத்தியை மேரிலாந்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கட்டும், அங்குள்ள மீன்வளத் துறையினரே அதைப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

வரைவுக்கு என் வாக்கியம்: ‘ஏப்ரலில் ஓத நன்னீருக்குள் வரும் ஆற்றேறிகளில் ராக்ஃபிஷ் தூண்டிலில் மாட்டினால், தண்ணீரை விட்டு மேலே தூக்காமல் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.’

அண்ணாச்சி, ஏரல், ஆத்தூர்ப் பக்கத்து வலைக்காரர்களிடம் இந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். ‘ஆற்றேறி’ என்றதும் விளக்கம் கேட்காமல் புரிகிறதா என்று எழுதுங்கள். புரியவில்லை என்றால் அவர்கள் சொல்லும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து