பிள்ளைகளுக்குப் போர்வை பின்னுகிறவர்களே, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்:

வணக்கம். நாங்கள் ஒன்பது பெண்கள். ஞாயிறு மத்தியானம் ஒரு வீட்டில் கூடி கிரானி ஸ்குவேர் பின்னுகிறோம். குரோஷே ஊசியால் நடு வளையத்தில் தொடங்கி, சுற்றுச் சுற்றாகப் போடும் சதுரம் அது. 15 செ.மீ. சதுரம் 48 சேர்ந்தால் ஒரு போர்வை. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு. ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கும் பிள்ளைகள் இல்லங்களுக்கும் கொடுக்கிறோம். போர்வை கொண்டுபோன இடத்தில் நடந்ததை எல்லாரும் எழுதினால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவும். முதலில் என்னுடையது.

"இந்த ஊர் வெக்கைக்குப் போர்வை எதற்கு?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். என் பேரனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபோது நாலு ராத்திரி வார்டில் அவன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். விடியற்காலை மூன்று மணி ஏர்கோன் குளிரில் முழங்கால் விறைத்துப் போகும். அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை அம்மாவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தது. அங்கேதான் இந்த எண்ணம் வந்தது.

முதல் போர்வையை ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்தோம். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கிளினிக்கில் அதே தாயும் மகளும். பிள்ளை மடியில் அதே போர்வை. சந்தோஷமாகக் கிட்டப் போனேன். மூன்று சதுரங்கள் நடுவில் பிரிந்திருந்தன. தாய் கறுப்புத் தையல் நூலால் ஓட்டையைச் சுற்றிச் சுருக்கிக் கட்டியிருந்தாள். "எனக்குப் பின்னத் தெரியாது ஆன்ட்டி. இவ இது இல்லாம தூங்க மாட்டேங்கிறா. அதான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டி வெச்சிருக்கேன்" என்றாள். குறை சொல்லும் தொனியே இல்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. நிறம் மாற்றும்போது நூல் முனையை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டு விட்டிருந்தேன். நாலு சுற்று நாலு நிறம் என்றால் ஒரு சதுரத்துக்கு எட்டு முனை. 48 சதுரத்துக்கு 384. பின்னுவதைவிட முனைகளை உள்ளே செருகுவதுதான் அலுப்பு. அந்த அலுப்பில் அவசரப்பட்டுவிட்டேன். துவைக்கத் துவைக்க முடிச்சு நழுவிவிடும்.

கைப்பையில் ஊசியும் கொஞ்சம் நூலும் எப்போதும் இருக்கும். "குடும்மா, இப்பவே சரி பண்றேன்" என்றால் பிள்ளை விடவில்லை. "அப்போ நீ அந்த ஓரத்தப் பிடி, நான் இந்த ஓரத்தப் பிடிக்கிறேன்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பு நூலை வெட்டி, நடு வளையத்திலிருந்து திரும்பப் போட்டேன். மூன்று மூன்று தையலாகக் கொத்து விழுவதை அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்: பாட்டி வீடு, பூனை வீடு, டீச்சர் வீடு. கறுப்பு நூல் கட்டிய மூன்றும் காய்ச்சல் வீடு. என்னிடம் இருந்தது மஞ்சள் நூல் மட்டும்தான். முதல் நடு வளையம் மூடியதும் அம்மாவிடம் திரும்பி, "காய்ச்சல் வீட்டுல லைட் போட்டாச்சு" என்றாள். இரண்டை முடிப்பதற்குள் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை இருந்து மூன்றாவதையும் முடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் முனை 15 செ.மீ. விடுகிறோம். தடித்த ஊசியில் கோத்து, அதே நிறக் கொத்துகளுக்குள் ஒரு பக்கம் ஓட்டி, திரும்ப ஓட்டி, மூன்றாவது தரம் வேறு திசையில் ஓட்டுகிறோம். முடிச்சை நம்புவதே இல்லை. கோர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சதுரத்தையும் நாலு மூலையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறோம். சும்மா கொடுப்பதுதானே என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல விடமாட்டேன்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு:

தங்கச்சி, நான் லோரி ஓட்டியவன். மனைவி படுக்கையில் இருந்தபோது அவள் சொல்லச் சொல்லப் போட்டுப் பழகினேன். அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தால் 31 சதுரங்கள். ஜார்ஜ்டவுன் கடைகளில் அலைந்தும் அந்த நிறங்கள் அமையவில்லை. கிடைத்த நிறத்தில் மீதி 17ஐ நான் போட்டேன்.

ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், வந்து இரண்டு நாள்தான் ஆகிறது என்றார்கள். அண்ணனுக்கு எட்டு வயது இருக்கும். "தம்பிக்கே குடுங்க தாத்தா" என்றான். சொன்னானே தவிர ஓரத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் சதுரங்களை ஸ்லிப் ஸ்டிச்சில்தான் கோர்ப்பேன், ஊசியால் கண்ணியைக் கண்ணிக்குள் இழுத்துவிடும் தையல் அது. முனையைத் தேடிப் பிடித்தால் வரிசை உருவிக்கொண்டு வந்துவிடும். நடு வரிசையை அங்கேயே உருவினேன். அன்றைக்கு ஆளுக்கு 24. அடுத்த வாரம் புதிதாக 24 சதுரம் கொண்டுபோய், இரண்டு பேர் கட்டிலிலும் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு வரிசை கூட்டிக் கொடுத்தேன். அவள் போட்டது இரண்டிலும் இருக்கிறது.

சிரம்பானில் வளர்ந்து இப்போது கோலாலம்பூரில் தாதி:

கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். ஒரு தடவை பை நிறைய அழகழகான போர்வைகள் வந்தன. பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் தூக்கியது. ஒன்றைக்கூடக் குழந்தைகளிடம் கொடுக்க முடியவில்லை. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தம் குறையும்; பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதிப்பது இதற்காகத்தான். கொண்டுவந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். பூச்சி அரிக்கக் கூடாது என்று ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தாராம். அக்ரிலிக் நூலைப் பூச்சி பொதுவாகத் தொடாது, பருத்தியும் அப்படித்தான். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும்.

பட்டன், குஞ்சம் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் தொட்டிலில் எந்தப் போர்வையையும் தளர்வாகப் போடக் கூடாது, முகத்தை மூடிவிடும். பெரிய பிள்ளைகளுக்குச் செய்யுங்கள். அவர்கள்தான் "இது எனக்கே எனக்கா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:

நான் காலேஜ் மாணவி, யூடியூப் பார்த்துப் பழகியவள். எங்கள் மாடியில் இருக்கும் பாட்டி அந்தக் காலத்தில் கான்வென்ட் பள்ளியில் கற்றவர். "டபுள் குரோஷே மூணு, மூலைக்கு ரெண்டு கொத்து பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து 20 சதுரம் தந்தார். என்னுடையதில் முக்கால்வாசி அளவுகூட இல்லை, கெட்டியாகப் பலகை மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் ஒரே ஊசி, ஒரே நூல். அமெரிக்காவில் டபுள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் ட்ரெபிள் என்பார்கள். அவர்கள் டபுள் என்பது நான் யூடியூபில் பழகிய அமெரிக்கக் கணக்கில் சிங்கிள், உயரம் குறைந்த தையல். பாட்டி படித்தது பிரிட்டிஷ் கணக்கு. நான் சொன்னதைத்தான் பாட்டி ஒரு தையல் பிசகாமல் போட்டிருக்கிறார். "பிரிச்சுடு கண்ணு, நூல் வீணாகாது" என்றார். எனக்குப் பிரிக்க மனம் வரவில்லை. அந்த 20க்கும் வெளியே ஒவ்வொரு சுற்றுக் கூட்டி 15 செ.மீ. ஆக்கினேன். போர்வையின் நடுவில் அவைதான் இருக்கின்றன.

நிட்-எ-ஸ்குவேர் என்று ஓர் அமைப்பு, பல நாடுகளில் இருந்து 20 செ.மீ. சதுரங்களைத் தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைத்து அங்கே போர்வையாகக் கோர்க்கிறது. எல்லாரையும் ஓர் அளவுக்குக் கட்டுப்படுத்துவது அவர்களுக்கு எவ்வளவு பாடு என்று இப்போது புரிகிறது. இனி நான் வார்த்தையில் சொல்வதில்லை. ஒரு சதுரத்தைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

செந்தூல்:

அண்ணே, நீங்கள் எழுதியதை இன்று எங்கள் ஒன்பது பேருக்கும் வாசித்துக் காட்டினேன். தாதி அம்மா சொன்னதைக் கேட்டு ஒரு வீட்டு அலமாரியில் இருந்து அந்துருண்டை வெளியே போனது. அந்த அலமாரியில் இருந்த ஐந்து போர்வைகளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டோம். பிரிக்பீல்ட்ஸ் தங்கம், பாட்டியை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வா.

இந்த வாரம் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போகிறவர்கள் யாராவது மஞ்சள் நூல் நாலு கண்டு வாங்கி வாருங்கள், காசு நான் தருகிறேன். எங்களிடம் தீர்ந்துவிட்டது.